மூச்சு விடத் தெரியாத பயில்வான்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நெஞ்சை நிமிர்த்தி நடந்த ஆண்பிள்ளைகள் எத்தனையோ பேர். ஆனால் என் மச்சான் கன்னையா நடந்த மாதிரி ஒருத்தரும் நடந்ததில்லை. ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையில் அவர் வந்தால் முதலில் நெஞ்சு வரும், பிறகு மீசை வரும், அதற்கப்புறம்தான் ஆள் வருவார். என் அக்கா நல்லம்மாளை அவருக்குக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து நான் இதைச் சொல்லிக் கேலி செய்துகொண்டிருக்கிறேன். அவர் ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. கேலியையும் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்கிற வரம் வாங்கி வந்த மனிதர்.

இன்றைக்கு அவர் எஞ்சின் டிரைவர். கிள்ளான் வண்டியும் ஓட்டுகிறார், சிரம்பான் வண்டியும் ஓட்டுகிறார். பாசாருக்குப் போனால் மீன் விற்கிற சீனன்கூட 'டிரைவர்' என்று கூப்பிட்டு நல்ல மீனாகப் பார்த்து எடுத்துக் கொடுக்கிறான். எனக்கு இதில் பெருமை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் அந்த எஞ்சின் படியில் அவர் கால் வைத்தது அவருடைய அகலமான நெஞ்சால் அல்ல. அந்த நெஞ்சாலேயே அவர் வாழ்நாள் முழுக்கக் கீழே நின்றிருக்க வேண்டியது. அவரை மேலே ஏற்றியதில் அக்காவுக்குப் பெரிய பங்கு, எனக்குச் சின்னப் பங்கு, எங்கள் வீட்டு ஊதாங்குழலுக்கும் ஒரு பங்கு. சும்மா சொல்லவில்லை, கேளுங்கள்.

மச்சான் பிறந்தது கிள்ளானுக்குப் பக்கத்தில், தண்டவாளத்தை ஒட்டிக் கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்தில். அவருடைய அப்பா தண்டவாளக் கட்டைக்கு அடியில் கல் இடிக்கிறவர். சின்ன வயதில் இவர் லயத்து வாசலில் நின்று போகிற வருகிற எஞ்சின்களையெல்லாம் பார்த்துக்கொண்டே இருப்பாராம். மற்றப் பிள்ளைகள் டிரைவரைப் பார்த்துக் கை காட்டுவார்கள். இவர் டிரைவரைப் பார்ப்பதே இல்லை. பக்கத்தில் சவலால் கரி வாரி நெருப்பில் போடுகிற ஃபயர்மேனைத்தான் பார்ப்பார்.

"அந்த ஆளு குனிஞ்சு நிமிர்றப்பல்லாம் வண்டி வேகமா போவுதுப்பா" என்று அப்பாவிடம் சொன்னாராம். வண்டியை ஓட்டுவது டிரைவர் இல்லை, அந்த ஆள்தான் என்பது அவருடைய முடிவு. அன்றைக்கு மனதில் விழுந்த ஆசை அது.

வளர்ந்த பிறகு கோலாலம்பூர் எஞ்சின் கொட்டகையில் துடைப்பு வேலைக்குச் சேர்ந்தார். எஞ்சினுக்கு அடியில் படுத்துச் சாம்பலைக் கிளறிவிடுவது, எண்ணெய்த் துணியால் இரும்பைத் தேய்ப்பது, இதுதான் வேலை. அங்கிருந்து முதலில் ஃபயர்மேன், பிறகுதான் டிரைவர். ஃபயர்மேனாக வேண்டுமென்றால் வேலை தெரிந்தால் மட்டும் போதாது. ரயில்வே டாக்டர் உடம்பைப் பார்த்து 'சரி' என்று சொல்ல வேண்டும். மச்சானுக்கு அந்தக் கவலையே கிடையாது. உடம்பு விஷயத்தில் தன்னை மிஞ்ச இந்தச் சிலாங்கூரில் யார் இருக்கிறார்கள் என்று இருந்தார்.

அதற்குக் காரணம் ரெங்கசாமி வஸ்தாது. கோயிலுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் அவர் கரலாக்கட்டையும் சிலம்பமும் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பொட்டலுக்கென்று ஒரு சட்டம் உண்டு. பெரிய மனிதர்கள் முன்னால் நின்றால் நெஞ்சில் காற்றை நிரப்பிக்கொள்ள வேண்டும், அவர்கள் போகிற வரைக்கும் அதை இறக்கக் கூடாது. "காத்து எறங்குச்சுன்னா மரியாத எறங்குச்சு" என்பார் வஸ்தாது. ஒரு தடவை எல்லாரும் சேர்ந்து படம் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் படம் இன்றைக்கும் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. படம் பிடிக்கிறவன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு வெளியே எடுக்கிற வரைக்கும் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். எல்லார் கண்ணும் வெளியே பிதுங்கி நிற்கும். நடுவில் மச்சான். கண் அதிகமாகப் பிதுங்கியிருப்பது அவருக்குத்தான்.

நான் அக்கா வீட்டிலேயே தங்கியிருந்தேன், ரயில்வே மருந்தகத்தில் டிரெஸர். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, மருந்து கலக்கிக் கொடுப்பது, வெள்ளைக்கார டாக்டர் துரை ஆட்களைச் சோதிக்கும்போது பக்கத்தில் நிற்பது என் வேலை. அதனால் மச்சானுக்குச் சோதனை நடந்த அன்றைக்கு நானும் அதே அறையில்தான் இருந்தேன்.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரும்போதே மச்சான் நெஞ்சை நிரப்பிக்கொண்டு வந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண்ணைப் பார்த்தாயிற்று, காதைப் பார்த்தாயிற்று, பல்லைப் பார்த்தாயிற்று. அத்தனை நேரமும் நெஞ்சு இறங்கவில்லை. இடையிடையே மூக்கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருட்டு மூச்சு எடுத்துக்கொண்டார். பிறகு துரை நாடாவை எடுத்து அவர் மார்பைச் சுற்றிப் பிடித்தார். அவர் முன்னே தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்தவர், அங்கே கற்றுக்கொண்ட தமிழில் எல்லாரையும் 'நீ, வா, போ' என்றுதான் பேசுவார்.

"மூச்சு விடு" என்றார்.

மச்சான் மூக்கால் ஒரு சின்னச் சத்தம் செய்தார். நெஞ்சு அசையவில்லை. நாடா முப்பத்தெட்டு அங்குலம் காட்டியது.

"மூச்சு இழு."

எங்கே இழுப்பது? இடம் இருந்தால்தானே? மறுபடியும் முப்பத்தெட்டு. துரை நெற்றியைச் சுருக்கினார். இன்னொரு தடவை விடச் சொன்னார், இழுக்கச் சொன்னார். அதற்குப் பிறகும் ஒரு தடவை அளந்தார். ஒரு நூல்கூட நகரவில்லை. எதையோ எழுதிக்கொண்டு 'போ' என்று கையைக் காட்டினார்.

மச்சான் வெளியே போனது ஜெயித்த மாதிரி. குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லிவிட்டார். "டாக்டரு மூணு தடவ அளந்து பாத்துட்டாரு மாப்ள. அவரால நம்பவே முடியல!" என்று என்னிடமும் சொன்னார். நானும் நம்பினேன். அக்கா கேசரி கிண்டி வரிசை வீடுகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டாள். ஃபயர்மேன்கள் கழுத்தில் கட்டுகிற சிவப்புக் கைக்குட்டை ஒன்றை மச்சான் அன்றைக்கே வாங்கி வந்து, கண்ணாடி முன்னால் நின்று இப்படியும் அப்படியும் கட்டிப் பார்த்தார்.

மறுநாள் பதில் வந்தது. மார்பு விரியவில்லை, எஞ்சின் வேலைக்கு ஆகாது.

கேசரி சாப்பிட்ட வீடுகளெல்லாம் துக்கம் விசாரிக்க வந்தன. இன்னும் ஒரே ஒரு தடவை சோதனைக்குப் போகலாம், மழைக்காலம் முடிகிறபோது. அதிலும் ஆகாது என்று வந்துவிட்டால் பிறகு கேட்கவே முடியாது. வாழ்நாள் முழுக்க எஞ்சினைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, அது அடுத்தவனைத் தூக்கிக்கொண்டு போவதைக் கீழே நின்று பார்க்க வேண்டியதுதான். மச்சான் அந்தச் சிவப்புக் கைக்குட்டையை மடித்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். இந்த மனிதருக்கா நெஞ்சு போதாது?

எனக்குத் துரையிடம் கேட்கிற அளவுக்குக் கோபம். கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். கெட்டவர் இல்லை, விளக்கமாகத்தான் சொன்னார். "நெஞ்சு எவ்வளவு பெரிசுன்னு நான் அளக்கல. எவ்வளவு காத்து போகுது வருதுன்னு அளக்கிறேன்" என்றார். சும்மா உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஒரு மூச்சில் ஒரு பெரிய டம்ளர் கொள்ளுகிற காற்று போதும். சவலைப் பிடித்து நெருப்புக்கு முன்னால் குனிந்து நிமிர ஆரம்பித்தால் அது பத்தாது. உடம்பு முதலில் மூச்சை ஆழமாக்கும். அதற்கு மேலும் வேண்டுமென்றால் வேகமாக்கும். அந்த ஆழம் இரண்டு பக்கமும் இருக்கிறது. வழக்கத்தைவிட அதிகமாக உள்ளே இழுக்கலாம், வழக்கத்தைவிட அதிகமாக வெளியேயும் விடலாம். எவ்வளவுதான் விட்டாலும் கொஞ்சம் காற்று உள்ளேயே தங்கிவிடும், அதை யாராலும் வெளியேற்ற முடியாது. உன் மச்சான் உள்ளே நிரப்பியதை விடவே மாட்டேன் என்கிறான், பிறகு புதுக் காற்றுக்கு எங்கே இடம் என்று துரை கேட்டார். ஓடுகிற எஞ்சினில் அப்படிப்பட்டவன் சீக்கிரம் தலை சுற்றி விழுந்துவிடுவானாம்.

அப்படியே வீட்டில் போய்ச் சொன்னேன். மச்சான் குதித்தார்.

"காத்த வெளிய விடணுமா? பத்து வருசமா வஸ்தாது உள்ள வைக்கச் சொல்லிக்குடுத்தாரு. இவரு வெளிய விடச் சொல்றாரு! காத்து எறங்குன நெஞ்சோட ஒரு ஆம்பள தொர முன்னால நிக்கிறதா?"

"நிக்க வேணாம். கொட்டாயிலயே படுத்துக்கெடங்க" என்றாள் அக்கா.

அக்கா அதிகம் பேசுகிறவள் இல்லை. பேசினால் அது போய்ச் சரியான இடத்தில் உட்காரும். அப்போது மழை பிடித்துக்கொண்டிருந்த நேரம். கித்தா விறகு, அதாவது ரப்பர் மரத்து விறகு, ஈரமாகக் கிடந்தது, அடுப்பு புகைந்துகொண்டே இருந்தது. அக்கா ஊதாங்குழலைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"இந்தாங்க. இத எரிய வைங்க பாக்கலாம்."

பயில்வான் அடுப்படியில் குந்தினார். நெஞ்சை அசைக்காமல் கன்னத்தை மட்டும் உப்பி 'புஸ் புஸ்' என்று ஊதினார். புகை திரும்பி அவர் கண்ணிலேயே ஏறியது. இருமினார், கண்ணைக் கசக்கினார், மறுபடியும் புஸ் புஸ்.

"சூடான காப்பிய ஆத்துற மாதிரி ஊதுறீங்களே! வயித்துலேர்ந்து விடுங்க. நெஞ்சு எறங்கட்டும். இங்க எந்தத் தொரையும் இல்ல."

பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "என்ன நல்லம்மா, ஃபயர்மேன் வேலைய நீயே போட்டுக் குடுத்துட்டியா லா?" என்று கேட்டு ஊரைக் கூட்டுகிற மாதிரி சிரித்தாள். மச்சானுக்கு முகம் செத்துவிட்டது. எழுந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். எழவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, இருக்கிற காற்றையெல்லாம் குழலுக்குள் விட்டார். அவர் நெஞ்சு இறங்கியதை அன்றைக்குத்தான் நான் முதல் தடவையாகப் பார்த்தேன். தோள் தணிந்தது, விலா உள்ளே போனது, விட்டுக்கொண்டே இருந்தார். விறகு 'குப்' என்று பிடித்துக்கொண்டது.

அதற்கு அடுத்து நடந்ததுதான் அவரை மடக்கிவிட்டது. ஊதி முடித்ததும் மூச்சு தானாக உள்ளே பாய்ந்தது. ஆழமாக, அடிவயிறு வரைக்கும். மச்சான் குழலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் இழுக்கவே இல்ல மாப்ள. தானா வருது."

அன்றையிலிருந்து எங்கள் வீட்டு அடுப்பைப் பற்றவைக்கிற உரிமை அவருக்குத்தான். புஷ்பவல்லி சிரித்துச் சிரித்துக் களைத்து, கடைசியில் தன் வீட்டு அடுப்புக்கும் அவரைக் கூப்பிட்டுப் பார்த்தாள். அதற்கு மட்டும் அக்கா விடவில்லை.

ஊதுவது மட்டும் போதாது, உடம்பு வேலை செய்கிறபோதும் அப்படி மூச்சு வர வேண்டும். பங்சார் பக்கம் கித்தா தோட்டத்தை ஒட்டி ஒரு மேடு உண்டு. வேலை விட்டதும் அதில் ஓடுவது என்று ஏற்பாடு. நான் சைக்கிளில் பின்னால் போவேன். முதல் நாள் பழக்கதோஷத்தில் நெஞ்சை நிரப்பிக்கொண்டுதான் ஓடினார். மேட்டில் பாதி ஏறவில்லை, நாய் இரைக்கிற மாதிரி இரைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டார். குட்டி குட்டியாக மூச்சு, வேக வேகமாக. முகம் கறுத்துப்போனது.

"ஊதாங்குழல நெனைங்க மச்சான்" என்றேன்.

எழுந்தார். அடுத்த தடவை ஒவ்வொரு மூச்சையும் வெளியே தள்ளிக்கொண்டு ஓடினார். வேகம் குறைவுதான், ஆனால் உட்காரவில்லை. தினமும் ஓடினார். மழையிலும் ஓடினார். தோட்டத்துப் பால்வெட்டுக்காரர்கள் முதலில் திருடனைத் துரத்துகிறார்களோ என்று பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். கரலாக்கட்டைப் பொட்டலுக்கும் அவர் போகாமல் இல்லை. வஸ்தாதுவுக்கு மட்டும் இந்தக் காற்று விடுகிற விஷயம் தெரியாமல் பார்த்துக்கொண்டார்.

துரையிடம் மூச்சை அளக்கிற ஒரு கருவி இருந்தது, அவருடைய சொந்தக் கருவி. தண்ணீர்த் தொட்டிக்குள் கவிழ்த்து வைத்த தகர டப்பா. ஒரு குழாய் வழியாக ஊதினால் டப்பா மேலே எழும்பும், பக்கத்தில் இருக்கிற கோட்டில் அளவு தெரியும். ஊதாங்குழல் பழகிய கொஞ்ச நாளில் துரையைக் கேட்டுக்கொண்டு மச்சானை அதில் ஊத வைத்திருந்தேன். டப்பா எழும்பிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தேன். சோதனை நெருங்கியபோது, இத்தனை நாள் ஓடியதற்கு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கலாமென்று மறுபடியும் கூட்டிப்போனேன்.

மச்சான் ஊதினார். உயிரைக் கொடுத்து ஊதினார். டப்பா எழும்பியது, பென்சில் கோட்டுக்கு வந்தது, ஒரு நகக்கண் அளவு மேலே போனது, நின்றுவிட்டது.

மறுபடியும் ஊதினார். அதே இடம்.

அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அன்றைக்கும் பங்சார் மேட்டுக்குத்தான் போனார். ஆனால் ஓடிப் பழகுவதற்காக அல்ல, என்னைத் திட்டுவதற்காக. மேட்டின் அடியில், பாலத்துக்குப் பக்கத்தில் தொடங்கினார்.

"நீயும் ஒன் டாக்டரும்! மழையில ஓடவச்சீங்க, அடுப்படியில குந்தவச்சீங்க, ஊரே சிரிச்சிச்சு. கடைசில என்னா? நகக்கண்ணு! இத்தன நாளு ஓடுனதுக்கு நகக்கண்ணு! பொறந்தப்ப குடுத்த நெஞ்சு இவ்வளவுதான்னா அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான? வஸ்தாது சொன்னத விட்டேன், ஒன் பேச்சக் கேட்டேன், எனக்கு நல்லா வேணும்..."

ஓடிக்கொண்டே திட்டினார், திட்டிக்கொண்டே ஓடினார். அன்றைக்கு மழைச் சேற்றில் சைக்கிளை மிதிக்க என்னால் முடியவில்லை, இறங்கித் தள்ளிக்கொண்டு பின்னால் ஓடினேன். என் பரம்பரையில் யாரையும் அவர் மிச்சம் வைக்கவில்லை. அக்காவை மட்டும் கவனமாக ஒதுக்கிவிட்டார். மேட்டு உச்சியில் நின்று திரும்பினார்.

"இவ்வளவு கேக்கறேன், வாயத் தொறந்து ஒரு பதில் சொல்றியா? ஊமையா நீ?"

என்னால் எங்கே வாயைத் திறப்பது? சைக்கிள் மேல் கவிழ்ந்து கிடந்தேன். நெஞ்சு அடைத்துக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பேச முடியவில்லை என்று கையைக் காட்டினேன். மச்சான் என்னைப் பார்த்தார். பிறகு மேட்டின் அடிவாரத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ மாறியது.

"மாப்ள, நான் எங்கேர்ந்து திட்ட ஆரம்பிச்சேன்?"

"கீழ... பாலத்துக்கிட்ட..." என்று எப்படியோ சொன்னேன்.

"நடுவுல எங்கயாச்சும் நின்னேனா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். முதல் நாள் இதே மேட்டில் பாதியில் புல்லில் உட்கார்ந்த மனிதர். இன்றைக்கு அதே மேட்டை என் மூன்று தலைமுறையைத் திட்டிக்கொண்டு ஏறியிருக்கிறார், மூச்சு தடுக்கவில்லை. மச்சான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பு கித்தா மரங்களுக்குள் போய்த் திரும்பி வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர். மூச்சு வாங்கியதால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

துரையிடம் கேட்டபோது அவர் அது அப்படித்தான் என்றார். வளர்ந்த மனிதனுக்கு ஓடுவதால் நுரையீரல் பெரிதாகிவிடாது. காலும் இதயமும் வேலைக்குப் பழகும், விலாவை அசைக்கிற தசைகளும் பழகும். முன்னே மூச்சு முட்ட வைத்த வேலைக்கு இப்போது குறைந்த மூச்சே போதும். எடுக்கிற மூச்சும் குட்டி மூச்சாக இல்லாமல் ஆழமாக வரும். அக்காவிடம் இதைச் சொன்னேன். "அதே பானதான். இப்பத்தான் மொண்டு ஊத்தத் தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் சோறு வடிக்கப் போய்விட்டாள்.

இரண்டாவது சோதனை வந்தது. சாமி படத்துக்குப் பின்னால் இருந்த சிவப்புக் கைக்குட்டையை அக்கா எடுத்துத் தூசி தட்டித் திரும்பவும் அங்கேயே வைத்தாள். இந்தத் தடவை கேசரி கிண்டவில்லை.

மருந்தக அறையில் நான் துரைக்குப் பின்னால் நின்றேன். கதவு திறந்தது. மச்சான் துரையைப் பார்த்தார். பத்து வருடப் பழக்கம் சும்மா போகுமா? நெஞ்சு தானாக நிரம்பி எழும்பியது, கழுத்து நரம்பு புடைத்தது. எனக்கு உயிரே போய்விட்டது. துரை நாடாவை எடுத்துக்கொண்டு கிட்டே போனார். பேசவும் முடியாது. துரையின் முதுகுக்குப் பின்னால் நின்று, இரண்டு கையையும் வாயருகே வைத்து ஊதாங்குழல் ஊதுகிற மாதிரி காட்டினேன்.

மச்சான் பார்த்தார். நாடா மார்பைச் சுற்றியது.

"மூச்சு விடு."

விட்டார். வஸ்தாது, பொட்டல், மரியாதை எல்லாவற்றையும் சேர்த்து விட்டார். தோள் தணிந்தது, விலா உள்ளே போனது. துரை நாடாவை இறுக்கிக்கொண்டே போக வேண்டியிருந்தது. முப்பத்து நான்கு.

"மூச்சு இழு."

நாடா துரையின் விரல்களுக்குள் வழுக்கிக்கொண்டு விரிந்தது. முப்பத்தெட்டு.

துரை நாடாவைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். இன்னொரு தடவை அளந்தார். அதே அளவுதான். பிறகு அங்கே கிடந்த மரப்பெட்டியைக் காட்டி, அதில் ஏறி ஏறி இறங்கச் சொன்னார். வெகுநேரம் விடவில்லை. முடிகிற நேரத்தில் திடீரென்று "உன் பேர் என்ன? அப்பா பேர் என்ன? எங்கே பிறந்தே?" என்று கேட்டார். மச்சான் ஏறிக்கொண்டே தன் பேரும், அப்பா பேரும், கிள்ளான் லயமும், அப்பா கல் இடித்த இடமும் கோவையாகச் சொன்னார். மூச்சு ஆழமாகப் போய் வந்தது, பேச்சு நடுவில் அறுபடவில்லை. இறங்கி நின்றதும் துரை காதில் மாட்டுகிற குழலை நெஞ்சில் வைத்துக் கேட்டார். மூச்சு மெதுவாக அடங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உன்னை எனக்கு ஞாபகம் இருக்கு. நெஞ்சு அப்பவும் இதே அளவுதான். அப்போ இந்த நாலு அங்குலம் எங்கே போச்சு?" என்று கேட்டார்.

"எங்கயும் போவல தொர. உள்ளதான் இருந்துச்சு" என்றார் மச்சான். "வெளிய விட மனசு வரல."

துரை சிரித்துவிட்டுப் பேனாவை எடுத்தார். சரி என்று எழுதினார்.

மச்சான் முதல் முதலாக ஃபயர்மேனாக ஏறியது காலைக் கிள்ளான் வண்டியில். டிரைவர் தம்புசாமி அண்ணன். கோலாலம்பூர் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பி எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கமாகத்தான் வண்டி வரும். குவார்ட்டர்ஸே வேலியோரம் வந்து நின்றது. ரெங்கசாமி வஸ்தாது தலைப்பாகை கட்டிக்கொண்டு முன்னால் நின்றார். புஷ்பவல்லி அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தாள். அக்கா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எஞ்சின் மெதுவாக வளைந்து வந்தது. படியோரத்தில் மச்சான். கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை, கையில் சவல். எங்களைப் பார்த்தார். வஸ்தாதுவைப் பார்த்தார். அவ்வளவுதான். பழைய கன்னையா வந்துவிட்டார். நெஞ்சு எழும்பியது, கழுத்து நரம்பு புடைத்தது, கண் பிதுங்கியது. சுவரில் தொங்குகிற அந்தப் படம் மாதிரியே அசையாமல் நின்றார். எஞ்சின் எங்கள் வரிசையின் ஒவ்வொரு வீட்டையும் கடந்துகொண்டிருந்தது. மனிதர் மூச்சு விடவில்லை. முகம் கறுத்துக்கொண்டே போனது. சொல்லட்டுமா? அந்த நிமிடத்தில் எனக்கு அவரைக் கேலி செய்யத் தோன்றவில்லை. கல் இடித்தவர் மகன் எஞ்சின் மேல் நிற்கிறான், நெஞ்சு நிறையத்தான் நிற்கட்டும் என்று இருந்தது.

"மூச்ச விடுங்க!" என்று அக்கா கத்தினாள். அவள் அவ்வளவு சத்தமாகக் கத்தி நான் கேட்டதில்லை. "அய்யோ, மூச்ச விடுங்களேன்!"

வேலியோரம் முழுக்கச் சிரித்தது. அக்காவும் சிரித்தாள், கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மச்சானுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்சில் இருந்ததையெல்லாம் வெளியே விட்டார். நெருப்புக் கதவைத் திறந்தார். குனிந்து கரியை வாரிப் போட்டு நிமிர்ந்தார், மறுபடியும் குனிந்தார். வண்டி கிள்ளானைப் பார்த்து வேகம் எடுத்தது.